ஊற்றுக்காரி

குணசேகரன் செத்த அன்று ஜெயபாரதி அழவில்லை. எடுத்துக்கொண்டு போகும்போதும் அழவில்லை, பதினாறாம் நாள் காரியத்தன்றும் அழவில்லை. "என்ன மனத்திடம் பாரு" என்று வந்தவர்கள் அவள் காதுபடவே சொன்னார்கள். திடமாவது மண்ணாவது. உள்ளே ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். மரத்துப்போன காலைத் தட்டிப் பார்க்கிற மாதிரி அவ்வப்போது அவர் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. சரி என்று எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பாள்.

வந்தவர்களும்தான் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்தார்கள், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்கள், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். சொல்லிக்கொள்ளாமல் போவது சாவு வீட்டு முறை, அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் விசாரிப்பதும் முறைதானே? எப்படி நடந்தது என்று ஒரு ஆள் வாயைத் திறந்து கேட்கவில்லை. அப்படிக் கேட்க வேண்டுமென்றால் மனசு கொஞ்சமாவது பதற வேண்டும். அந்தச் சென்னையில் யாருக்கும் பதறுவதே இல்லை.

காரணம், எல்லோர் காதுக்குப் பின்னாலும் ஒட்டியிருந்த வில்லை. சாந்துப் பொட்டு அளவுதான் இருக்கும். அதன் கதையைச் சொல்லாமல் ஜெயபாரதியின் கதையைச் சொல்ல முடியாது.

பூங்கா பக்கத்தில் குடியிருப்பவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள், பிரஷர் குறைகிறது, வீட்டில் சண்டை குறைகிறது என்று டாக்டர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இன்னும் நாலு பூங்கா வைப்பதுதானே வழி? இடம் எங்கே இருக்கிறது. அப்போது நகர நலவாரியத்தில் ஒரு புத்திசாலி கேட்டாராம்: ஜனங்களுக்கு வேண்டியது பூங்காவா, பூங்கா அவர்கள் உடம்புக்குள் செய்கிற காரியமா? காரியம்தான் என்றால், ஒருவர் நடந்தால் போதாதா? அவர் நாடி, மூச்சு, ரத்தத்தில் ஓடுகிற சமாச்சாரம் எல்லாவற்றையும் ஒரு பட்டையால் பிடித்து அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டால் போகிறது.

அனுப்பினார்கள். வேலையும் செய்தது. கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு நிற்பவனுக்கு வேப்பமரத்து நிழலில் நடந்துவிட்டு வந்த உடம்பு கிடைத்தது. பூங்காவில் நடந்து அந்தச் சுகத்தை அனுப்புகிறவர்களுக்கு வாரியம் ஏதோ நீளமாக ஒரு பெயர் வைத்தது. ஜனங்கள் 'ஊற்று' என்று கூப்பிட்டார்கள். ஊற்றுக்காரர் வில்லை ஒட்டக் கூடாது. மணிக்கட்டில் பட்டை மட்டும்தான்.

அப்புறம் என்ன, சுகம் காற்றிலேயே வரும்போது பூங்கா எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கட்டடம் எழும்பியது. கடைசியில் மிஞ்சியது காமாட்சி நகர் பூங்கா ஒன்றுதான். ஊற்று இருக்கிற பூங்காவைத் தொடக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி இருந்ததால் தப்பித்தது. அதன் ஊற்றுக்கள் குணசேகரனும் ஜெயபாரதியும். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த அவரும், டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த அவளும் காலையில் அங்கே நடப்பார்கள். கூழாங்கல் பதித்த பாதையில் எட்டு போடுவார்கள். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய சமையலைப் பற்றி வாக்குவாதம் செய்வார்கள். அதில் வந்த அமைதியில்தான் மொத்த ஊரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இப்போது அவள் மட்டும்.

வாரியத்திலிருந்து நவநீதன் வந்தான். முப்பது வயசு இருக்கும், ஊற்றுக்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. காரியம் முடிந்து தோரணத்து மாவிலை காய்வதற்குள் வந்துவிட்டானே என்று குணசேகரனின் தங்கை கனகவல்லி முகத்தைச் சுளித்தாள். சுளிக்கத்தான் பார்த்தாள், வில்லை விடவில்லை. வெறுமனே பார்த்தாள்.

"மேடம், சார் போனதுலேர்ந்து பழைய பதிவைப் போட்டுத்தான் ஓட்டறோம்" என்றான் நவநீதன். "ஆனா பதிவு ரெண்டு வாரம்தான் தாங்கும். அதுக்கப்புறம் உடம்பு கண்டுபிடிச்சிடுது. சூடு பண்ணின சாம்பார் மாதிரி. நாளைலேர்ந்து நீங்க பூங்காவுக்கு வர முடியுமான்னு..."

"அது எப்படி?" என்றாள் கனகவல்லி. குரல் உயராமல், ஆனால் அசையாமல் சொன்னாள். "அண்ணி மூணு மாசத்துக்கு வாசப்படி தாண்டக் கூடாது. எங்க வீட்டு வழக்கம்."

நவநீதன் வாதாடியிருக்கலாம். பெரிய வாரியம், ஊருக்கே பொறுப்பு. ஆனால் அவனும் அம்மா வளர்த்த பிள்ளை. செருப்பைக்கூட மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"சரிங்க. எங்க வீட்லயும் இதெல்லாம் பாப்போம்" என்றான். "அப்போ மேடம் வீட்லயே இருக்கட்டும். பட்டையை மட்டும் கழட்டாம இருந்தாப் போதும். என்ன வருதோ வரட்டும், மூணு மாசம் சமாளிச்சிக்கலாம்."

மரியாதைக்குச் செய்த காரியம்தான். அவன்மேல் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால் எல்லாம் அங்கேதான் கோணிக்கொண்டது.

ஜெயபாரதி வீட்டிலேயே இருந்தாள். காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் கனகவல்லி காப்பி கொண்டுவந்து வைக்கிற வரை அப்படியே இருப்பாள். காப்பி ஆறிய பிறகும் இருப்பாள். ஃப்ரிட்ஜைத் திறப்பாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிரில் நிற்பாள். துக்கம் என்றால் நெஞ்சை அடைக்கும் என்பார்களே, அதெல்லாம் இல்லை. மணிக்கட்டில் பட்டை பச்சையாக மின்னிக்கொண்டே இருந்தது. பச்சை என்றால் நல்ல அமைதி.

ஒருநாள் பால்கனியிலிருந்து எதிரே இருந்த பால் பூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் குளிர்பெட்டிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். பின்னால் நாலைந்து பேர். யாரும் 'எடுங்க சார், நேரமாகுது' என்று சொல்லவில்லை. பூத்துக்காரரும் சொல்லவில்லை. அத்தனை பேரும் நின்றார்கள். அந்த நிற்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடைய நிற்பு.

இன்னொரு நாள் கீழ்வீட்டு ரெஜினாவின் குழந்தை படியில் உருண்டு விழுந்தது. நெற்றியில் ரத்தம். குழந்தைகளுக்கு வில்லை கிடையாது, அதனால் அது வீறிட்டு அழுதது. ஜெயபாரதி மேல்படியில் நின்றிருந்தாள். ரெஜினா கதவைத் திறந்து வெளியே வந்தாள். கையில் கரண்டி. குழந்தையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தை அம்மாவை நோக்கி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுகிறது, அவள் எங்கேயோ பார்ப்பது போல அதையே பார்க்கிறாள்.

"ரெஜினா, தூக்குங்க" என்றாள் ஜெயபாரதி.

"தூக்கணும்க்கா" என்றாள் ரெஜினா. கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினாள்.

நான்தான் இதை அனுப்புகிறேன் என்று ஜெயபாரதிக்குப் புரிந்தது. புரிந்தது, ஆனால் வலிக்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் செய்தி போல அதுவும் உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

நவநீதன் மறுபடி வந்தது ஒரு புதன்கிழமை. பழக்கூடையோடு வந்தான்.

"மேடம், உங்களுக்கு வாரியத்திலேர்ந்து பாராட்டுச் சொல்லச் சொன்னாங்க. இந்த ஊர் இவ்வளவு அமைதியா இருந்ததே இல்லை. போலீஸ் ஸ்டேஷன்ல புகார் இல்லை. ஆஸ்பத்திரியில பிரஷர் கேஸ் இல்லை. பூங்காவுல நீங்களும் சாரும் நடந்தப்போகூட அளவு இப்படி ஏறினதில்லை."

"அது அமைதி இல்ல தம்பி."

"மிஷின் அமைதின்னுதான் காட்டுது மேடம்."

"என் வீட்டுக்காரர் செத்துட்டாரு. எனக்கு அழுகை வரல. அதைப் போய் ஊருக்கு ஊத்திக்கிட்டு இருக்கீங்க. கீழ்வீட்டுல குழந்தை விழுந்தா அம்மா தூக்க மாட்டேங்கறா."

நவநீதன் அவளையே பார்த்தான். ஒரு மனுஷன் அலறி எழுந்திருக்க வேண்டிய சேதி அது. "புரியுது மேடம்" என்றான். நிஜமாகவே புரிந்துதான் இருக்கும். புரிந்ததை வைத்து ஒன்றும் செய்யத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவன் காதுக்குப் பின்னாலும் அவளுடைய சாவு வீடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"பூங்கா இல்லாமலே இவ்வளவு நல்லா வருதுன்னா பூங்கா எதுக்குன்னு மேலே கேக்கறாங்க" என்று தொடர்ந்தான். "ஊற்றை உங்க வீட்டு விலாசத்துக்கு மாத்தியாச்சு. வெள்ளிக்கிழமை பூங்காவை மூடறோம். கட்டட வேலை அடுத்த வாரம் ஆரம்பம். உங்களுக்கும் இனிமே அலைச்சல் இல்லை."

அவன் சொல்லிக்கொள்ளாமல் போனான். சாவு வீடு என்று நினைவு வைத்திருந்தான், பாவம்.

பூங்கா போகப்போகிறது. அவர் நடந்த இடம், அவர் அவளோடு சண்டை போட்ட பெஞ்சு. ஜெயபாரதி அதை நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஊரில் கடைசியாக இருந்த நாலு மரமும் போய்விடும், இந்த மரத்த உடம்புதான் இனி எல்லோருக்கும். அப்போதும் ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. பூங்காவில் அவர்களைப் போல இன்னும் சிலர் நடப்பார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. தினம் முகத்தைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் பழக்கம். அவர்கள் யாருக்கும் அவர் போனது தெரியாது. மூடுவதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும். ஒரு மனுஷன் செத்துப்போனதைச் சொல்லாமல் விடுவது முறையில்லை.

மறுநாள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"அண்ணி, மூணு மாசம் ஆகலையே" என்றாள் கனகவல்லி.

"தெரியும் கனகா. இன்னைக்கு விட்டா அந்த இடமே இருக்காது."

கனகவல்லி வழியை மறிக்கவில்லை. மறிக்கிற அளவுக்கு யாருக்கும் எதுவும் இல்லாத காலம் அது.

காமாட்சி நகர் பூங்கா கேட்டுக்குப் பக்கத்தில் கம்பி வேலி கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். உள்ளே வேப்பம்பூ பாதை முழுக்கக் கொட்டிக் கிடந்தது. பெருக்க ஆள் வரவில்லை போலும். அவள் வழக்கம்போல் வலம் சுற்றினாள். அங்கே எல்லோரும் வலம்தான் சுற்றுவார்கள், ஒரே ஒருத்தரைத் தவிர. எந்தச் சித்திரை வெயிலிலும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கமாகவே வருவார் ஒரு பெரியவர். 'ராங் சைடு' என்று குணசேகரன் அவருக்குப் பெயர் வைத்திருந்தார். ஏன் ஐயா இப்படி நடக்கறீங்க என்று ஒருமுறை கேட்டதற்கு, "உங்ககூட நடந்தா உங்க முதுகைத்தான் பாக்கணும். எனக்கெதுக்கு உங்க முதுகு?" என்றாராம். வில்லை ஒட்டினால் அவருக்குத் தோல் அரிக்கும். அதனால் ஒட்டுவதில்லை.

அவர் இப்போதும் எதிரே வந்தார். தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போகிறவர், நின்றார்.

"என்னம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம். சார் வரலையா?"

"அவர் தவறிட்டாருங்க" என்றாள் ஜெயபாரதி. எத்தனையோ பேருக்குப் போனில் சொன்ன அதே குரல்.

பெரியவர் குல்லாயைக் கழற்றினார். அவர் முகம் கலைந்து போனதை அவள் பார்த்தாள். குணசேகரனுக்காக ஒரு முகம் கலைந்ததை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

"ஐயோ, நல்லாத்தானேம்மா இருந்தாரு. என்னைப் பாத்தா 'ராங் சைடு, ராங் சைடு'ன்னு சிரிப்பாரே. எப்படிம்மா?"

"பல்லு விளக்கிக்கிட்டு இருந்தாருங்க" என்று ஆரம்பித்தாள். "குழாய் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நான் அடுப்படியில தோசை ஊத்திக்கிட்டு இருந்தேன். தண்ணி வீணாப்போகுதே, குழாயை மூடுங்கன்னு சத்தம் போட்டேன். மூடல. இவருக்கு எப்பவும் இதே வேலைதான்னு திட்டினேன். 'காது கேக்கலையா, செவிடா'ன்னு திட்டினேன். தோசையைத் திருப்பிப் போட்டுட்டு, இன்னும் நாலு வார்த்தை கேக்கலாம்னுதான் போனேன். கீழ கெடக்காரு. தண்ணி ஓடுது. அதுக்கு முன்னாடியே போயிட்டாருன்னு டாக்டர் சொன்னாரு. செத்தவரைத்தாங்க நான் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

சொல்லி முடித்தாள். வாந்திதான் வருகிறது என்று வாயைப் பொத்தினாள். அழுகை. அந்த வேப்பம்பூவுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து, மானம் வெட்கம் பார்க்காமல், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெரியவர் சமாதானம் சொல்லவில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, குல்லாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுஷன்மா, நல்ல மனுஷன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் வெளியே டிராஃபிக் நின்றது. அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. மழை வருவதற்கு முன்னால் வருகிற இரைச்சல் மாதிரி எல்லாப் பக்கமும் இருந்து வந்தது. பஸ்ஸுக்குள், கடைக்குள், மேல்மாடிகளில், ஊர் மொத்தமும் அழுதது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நவநீதன் வீட்டுக்கு வந்தான். கனகவல்லி உள்ளறையில் படுத்திருந்தாள். முந்தின நாள் அண்ணனை நினைத்து அழுத களைப்பு. வில்லை மறுபடி அடக்கியதில் அவள் முகம் வழித்துத் துடைத்தது போல் ஆகியிருந்தது.

"ஊர்ல எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு பாக்கி இருந்திருக்கு மேடம்" என்றான் நவநீதன், கணக்கு ஒப்பிப்பது போல. "யாருக்கோ அம்மா, யாருக்கோ கலைஞ்சுபோன கர்ப்பம். கோபத்துக்கும் பயத்துக்கும் தடுப்பு வெச்சிருக்கோம். அழுகைக்கு வெக்கலை. பூங்காவுல வந்து யார் அழப்போறாங்கன்னு விட்டுட்டாங்க. நேத்து ராத்திரி அதுக்கும் வெச்சாச்சு."

"உடனே நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்தற பட்டன் என் மேஜையிலதான் இருக்கு. நான் அழுதுக்கிட்டு இருந்தேன்."

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பூங்காச் சாவி அதில் இருந்தது போலும். "பூங்காவாலதான் இது நடந்துச்சுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. இப்போ போய்ப் பூட்டிட்டுச் சாவியை ஒப்படைக்கணும். நீங்க வழக்கம்போல வீட்லயே இருங்க. நேத்து ராத்திரியிலேர்ந்து உங்க அளவு சரியாகிட்டு வருது. அழுது முடிச்சவங்களுக்கு அப்படித்தான் ஆகுமாம்."

அவன் சொன்னது உண்மைதான். காலையில் அவள் மறுபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் இது வேறு. நெஞ்சு கனத்தது, குழாய்ச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போட்டது. வலித்தது. வலிப்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஜெயபாரதி மணிக்கட்டைத் திருப்பிப் பட்டையின் கொக்கியை அவிழ்த்தாள்.

"கழட்டாதீங்க மேடம். வில்லையில இருக்கற கையிருப்பு அஞ்சு நிமிஷம்கூடத் தாங்காது" என்றான். சொன்னானே தவிர எழுந்திருக்கவில்லை.

அவள் பட்டையைக் கழற்றி ஸ்டூலின் மேல் வைத்தாள். "இது உங்க வாரியத்துக்கு. பூங்காவைத் திறந்து வெச்சா ஜனங்க அவங்கவங்களே வந்து நடந்துக்கட்டும். என்னோடது எனக்கு வேணும்."

அவன் பட்டையைப் பார்த்தான். பச்சை விளக்கு அணைந்திருந்தது. எடுத்துக்கொண்டு போகலாமா, மாட்டச் சொல்லி வற்புறுத்தலாமா என்று யோசிப்பவன் போல இருந்தான். ஜெயபாரதி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நேத்து நீங்க யாருக்காகத் தம்பி அழுதீங்க?"

"அப்பாவுக்கு மேடம்."

"எப்படிப்பா நடந்துச்சு?"

"போன வருஷம். ஆஸ்பத்திரியில இருந்தாரு" என்றான். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நல்லாயிட்டு வந்துச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னாங்க. எனக்கு போன் பண்ணி, வரும்போது அந்த நீலச் சட்டையை எடுத்துட்டு வாடா, போட்டுக்கிட்டு வரேன், ஆஸ்பத்திரி துணியோட தெருவுல எறங்க மாட்டேன்னாரு. நான் அயர்ன் பண்ணி எடுத்துட்டுப் போனேன். காலர் கசங்கக் கூடாதுன்னு கையிலயே பிடிச்சிக்கிட்டு பஸ்ல நின்னுக்கிட்டே போனேன். போனா, வார்டுல பெட்டு காலியா இருந்துச்சு. மேடம், அந்தச் சட்டையைத்தான்..."

அங்கே அவன் குரல் உடைந்தது. என்ன ஆகிறது என்று தெரியாதவன் போலக் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தான். அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கீழே ரெஜினா குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு படியில் ஓடிவருவது கேட்டது. உள்ளறைக் கட்டிலில் கனகவல்லி எழுந்து உட்கார்ந்தாள்.

ஜெயபாரதி நவநீதனின் தோளில் கையை வைத்தாள்.

"ம், சொல்லுப்பா" என்றாள். "சட்டையை என்ன பண்ணீங்க?"